மூன்று அடுக்கு

மூன்றாவது கேக் வட்டத்தை ஓவனிலிருந்து எடுத்தபோது நடுவில் மேடு தட்டியிருந்தது. ரொட்டிக் கத்தியைப் படுக்கையாகப் பிடித்து அந்த மேட்டைச் சீவினேன். அடுக்கு கேக்கில் இதுதான் முக்கியம். மட்டமாக இல்லாவிட்டால் மேலே வைப்பது வழுக்கிக்கொண்டு போய்விடும். மற்ற இரண்டும் கம்பித் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. நறுக்கிய சாக்லேட்டின் மேல் கொதிக்கக் கொதிக்கக் கிரீமை ஊற்றிக் கலக்கிய பூச்சு, கண்ணாடிக் கிண்ணத்தில் பளபளவென்று இறுகிக்கொண்டிருந்தது. அத்தானுக்கு அன்று ஐம்பது வயது. ஆறு மணிக்கு அவர் வீட்டுக்கு நாற்பது பேர் வருகிறார்கள். கடைக் கேக் வேண்டாம், நீயே செய்துகொடு என்று அக்கா கேட்டிருந்தாள். அக்கா கேட்டு நான் முடியாது என்று சொன்னதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் கல்யாணத்தை முறித்துக்கொண்டு ஒற்றைப் பெட்டியோடு போய் நின்றபோது, ஏன் எதற்கு என்று கேட்காமல் கதவைத் திறந்தவள் அவள். எட்டு மாதம் அங்கேதான் இருந்தேன். அந்த எட்டு மாதமும் அத்தான் குளித்துவிட்டு என் துண்டில்தான் தலை துவட்டுவார். நான் பாதி குடித்து வைத்த காபியை எடுத்து, நான் வாய் வைத்த பக்கமாகவே திருப்பிக் குடிப்பார். முகம் துடைக்கப் போனால் ஈரத் துண்டிலிருந்து அவருடைய தலை எண்ணெய் வாடை மூக்கில் ஏறும். "மாத்தி எடுத்துட்டேன் போல" என்பார். ஒரே வீட்டில் துண்டு மாறிப்போகாதா என்று நானும் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன். நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். மலம், சளி, சீழ் எல்லாம் காலையிலேயே வரிசை கட்டி வந்துவிடும். பார்த்து முடித்துக் கை கழுவிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்காருவேன். அப்படிப்பட்ட எனக்கு அந்தத் துண்டின் வாடை மட்டும் நாள் முழுக்கத் தொண்டையிலேயே நிற்கும்.

கேக்கை எடுத்துப்போக இருவரும் நாலு மணிக்கே வந்துவிட்டார்கள். அக்கா கூடத்தில் உட்கார்ந்து பலூன் ஊதிக்கொண்டிருந்தாள். அத்தான் நேராகச் சமையலறைக்கு வந்தார். வங்கி மேனேஜர், யாரிடமும் குழைந்து குழைந்துதான் பேசுவார்.

"பலமான வேலையா இருக்கே!" என்றபடி ஆள்காட்டி விரலைக் கிண்ணத்துக்குள் விட்டார். வாயில் வைத்து, கண்ணை மூடி, சத்தம் வர உறிஞ்சினார். எச்சில் காயாத அதே விரல் மறுபடி உள்ளே போனது.

"அத்தான், ஸ்பூன் தரேன்."

"கொழுந்தியா செஞ்சத ஸ்பூன்ல சாப்பிட்டா ருசி தெரியுமா?" இந்த முறை விரலை அவர் நக்கவில்லை. என் வாயருகே நீட்டினார். "நீயும்தான் பாரேன்."

நகத்தோரத்தில் சாக்லேட்டும் எச்சிலும் கலந்து நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் நகர்ந்தேன், மேடை இடுப்பில் இடித்தது. விரல் கூடவே வந்து என் கீழுதட்டில் பட்டது.

புறங்கையால் உதட்டை அழுத்தித் துடைத்தேன். பிறகு கிண்ணத்தைத் தூக்கிக் குப்பைக் கூடையில் கவிழ்த்தேன். முட்டை ஓடுகளின் மேல் பூச்சு மெதுவாக, கனமாக விழுந்தது. சத்தம் கேட்டு அக்கா வந்தாள், கையில் பாதி ஊதிய பலூனோடு.

"என்னடி பண்ற? எவ்வளவு சாக்லேட்டு!"

"அத்தான் எச்சில் விரல விட்டுட்டாரு. அதையே என் வாயில வெக்க வந்தாரு."

"அட, சும்மா விளையாட்டுக்குத்தாம்மா! உன் தங்கச்சிக்கு எதையும் வேடிக்கையா எடுத்துக்கவே தெரியாது" என்று சிரித்தார் அத்தான், விரலைக் கால்சட்டைப் பையில் துடைத்தபடி.

அக்கா சிரிக்கவில்லை. "நீங்க போய் வண்டிய எடுங்க" என்றாள். அவர் போனார். படியிறங்கும்போது சீட்டி அடித்தது கேட்டது.

"அக்கா, இது இன்னைக்குப் புதுசா இல்ல. உன் வீட்ல இருந்தப்பவே..."

"தெரியும்."

பலூனிலிருந்து காற்று அவள் விரலிடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது.

"தெரியுமா?"

"நீ வாயத் திறக்காத வரைக்கும் அது இல்லைன்னே ஆயிடும்னு நெனச்சேன்டி." தட்டில் கிடந்த மூன்று வட்டங்களைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "மேல பூச வேற எதாவது இருக்கா?"

அலமாரியில் இன்னொரு கட்டி சாக்லேட் இருந்தது. பத்தே நிமிட வேலை. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். எனக்குச் சோறு போட்ட முகம், என் ஜுரத்துக்கு விடிய விடியக் கண் விழித்த முகம். அவரைப் பார்த்து வந்த அதே குமட்டல் இப்போது அவளைப் பார்த்தும் வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இல்ல" என்றேன்.

அவள் பெட்டியை விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக, பூச்சே இல்லாமல், உலர்ந்த மூன்று வட்டங்களையும் வைத்து மூடினாள். மூடி சரியாகப் படியவில்லை. இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு வெளியே போனாள். நான் வாசல்வரை போனேன்.

லிஃப்ட் வந்தது. கதவு திறந்து, உள்ளேயிருந்த வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. கீழே ஹாரன் அடித்தது; கொஞ்சம் விட்டு, மறுபடியும் நீளமாக. அக்கா பெட்டியோடு அப்படியே நின்றாள். கதவு தானாக மூடிக்கொண்டது. காலியான லிஃப்ட் கீழே இறங்க, எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தன.