மாம்பழ வாசனையில் என்ன இருக்கிறது?

பர்ரான்கியா நகரத்தின் பெரிய சந்தையை ஒட்டிய தெருவில் யாதிரா ஓஸ்பினோ காலை எட்டு மணிக்கே வேப் என்கிற மின்சிகரெட் கடையைத் திறந்துவிடுவாள். அலுவலகம் போகிறவர்களும் டாக்சிக்காரர்களும் முட்டை வைத்துப் பொரித்த சோள ரொட்டியான அரேப்பாவை மென்றபடியே வந்து திரவக் குப்பி வாங்கிப் போவார்கள். புகைக்கும் அந்தத் திரவத்தை அவளே கலந்தாள். கிளிசரின், கிளைகால், நிக்கோட்டின், கடைசியில் சில சொட்டு வாசனைச் சாறு. அவளுடைய மாம்பழத்துக்குத் தெருவில் நல்ல பேர்.

அந்த வாரம் புதுச் சட்டத்தின் சுற்றறிக்கை கைக்கு வந்தது. சிறுவர்களுக்கு விற்கக் கூடாது, கண்ணாடியில் விளம்பரம் கூடாது என்பதெல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அவள் முன்பே விரட்டிவிடுவாள். வேறொரு விதிதான் அவளை நிறுத்தியது. குப்பிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் லேபிளில் எழுத வேண்டும். மாதக் கடைசியில் சோதனைக்கு வருவார்கள். எழுதாத சரக்கு இருந்தால் கடைக்குப் பூட்டு.

பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று பெயர்கள் மளமளவென்று வந்தன. நான்காவதாக 'மாம்பழச் சாறு' என்று எழுதிவிட்டு அதையே பார்த்தாள். அது பழத்தில் பிழிந்ததல்ல என்று தெரியும். பிறகு எதில் செய்தது? நாலு வருடம் கையால் ஊற்றிய பொருள். அது என்னவென்று ஒரு நாளும் யோசித்ததில்லை என்பது அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

அச்சுக்கடை அர்னுல்போவிடம் போனாள். அவன் கணினியில் லேபிளைத் தயாராக வைத்திருந்தான். தெருவிலுள்ள எல்லா வேப் கடைக்கும் ஒரே பட்டியல், கடைப் பெயர் மட்டும் வேறு. கடைசி வரியில் 'உணவுத்தர வாசனைப் பொருள்' என்றிருந்தது.

"உணவுத்தரம்னு யாருப்பா சொன்னது?" என்று கேட்டாள்.

"லேபிள் சொல்லுதுக்கா. வர்றவங்க எழுத்தைத்தான் பாப்பாங்க, குடிச்சா பாக்கப் போறாங்க?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. எத்தனை லேபிள் என்று அவன் கேட்டபோது, சொல்ல வாயெடுத்தவள், நாளைக்கு வருகிறேன் என்று எழுந்துவிட்டாள். சாறு எதில் செய்தது என்ற கேள்வி அவளைவிட்டுப் போகவில்லை.

சாறு வாங்கும் கிடங்கு ஆற்றங்கரைப் பக்கம். வழக்கமாகத் தொலைபேசியில் சொன்னால் ஆள் கொண்டுவந்து கொடுப்பான். அன்று அவளே நேரில் போனாள். அவளுக்கு முன்னால் மெழுகுவர்த்தி செய்யும் ஒரு பெண் நின்றிருந்தாள். கிடங்குக்காரர் ஃபனோர் ஒரு நீல டிரம்மின் குழாயைத் திறந்து அந்தப் பெண்ணின் கேனை நிரப்பினார். மாம்பழ வாசனை குப்பென்று எழுந்தது. யாதிராவின் கேனையும் வாங்கி அதே குழாயில் வைத்தார்.

"அண்ணே, இது மெழுகுவர்த்திக்கு ஊத்துறதுதானே?"

"மெழுகுவர்த்திக்கு, தரை துடைக்கிற தண்ணிக்கு, உனக்கு. வாசனை எல்லாம் ஒண்ணுதான் தாயி."

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாள். அவர் டிரம்மைச் சுற்றிவந்து பார்த்தார். தயாரித்தவன் பெயர்கூட அதில் இல்லை. இத்தனை வருடத்தில் இதை யாருமே கேட்டதில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். யாதிரா வெறும் கேனோடு திரும்பினாள்.

மறுநாள் பழ வாசனைக் குப்பிகளை எல்லாம் அலமாரியிலிருந்து இறக்கிப் பெட்டியில் கட்டினாள். சான்றிதழோடு வாங்கிய மற்ற மூன்று பொருள்களை மட்டும் கலந்த, வாசனையில்லாத குப்பிகள் ஒரே ஒரு தட்டை நிறைத்தன. பாதிப் பேர் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். அங்கே அர்னுல்போவின் லேபிளோடு மாம்பழம் தாராளமாகக் கிடைத்தது. கடை எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

டாக்சி ஓட்டும் ருபியேல் வந்தார். தினம் இரண்டு பாக்கெட் சிகரெட் பிடித்த மனிதர், அவளுடைய மாம்பழத்தைப் பிடித்துக்கொண்டுதான் அதை விட்டார். அவரிடம் டிரம் கதையை ஒளிக்காமல் சொன்னாள். அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமேம்மா. நான் பாட்டுக்கு வாங்கிட்டுப் போயிருப்பேன்."

"அதுக்குத்தான் சொன்னேன். பழம்தான் அண்ணே, ஒண்ணும் பண்ணாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். தெரிஞ்சா சொன்னேன்?"

அவர் வாசனையில்லாத குப்பியை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு லேபிளை மேலிருந்து கீழ்வரை படித்தார். இதையாவது நம்பலாமா என்று கேட்டார்.

"இதுல என்ன இருக்குன்னு சொல்ல முடியும். நல்லதுன்னு சொல்ல மாட்டேன், விட முடிஞ்சா இதையும் விட்டுடுங்க" என்றாள் யாதிரா. "அடுத்தவங்க நெஞ்சுக்குள்ள போறது என்னன்னு விக்கிறவதான் முதல்ல கேக்கணும். சட்டம் வந்து கேக்குற வரைக்கும் நான் கேக்கல. தப்பு அங்கதான் இருக்கு."