விட்டுக்கொடுக்காத பெட்டி

பல் மருத்துவரின் புகார் விசித்திரமாக இருந்தது. இணையம் வருகிறதாம், ஆனால் சின்னதாக எது அனுப்பினாலும் வருகிறது, பெரிதாக எதுவும் வருவதில்லை. நோயாளிகள் அனுப்பும் எக்ஸ்ரே படங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன.

பிராட்பேண்ட் பெட்டிக்கு மென்பொருள் எழுதும் பெண்ணை அலுவலகத்தில் பெட்டிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஒரே நாளில் கோளாறைப் பிடித்துவிட்டாள். பெட்டியும் மறுமுனையில் இருக்கும் தொலைபேசி இணைப்பகமும் பேச ஆரம்பிக்கும்போது, ஒரு தகவல் பொட்டலம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று முதலில் பேசி முடிக்க வேண்டும். பெட்டி ஆயிரத்து ஐந்நூறு பைட் என்றது. இணைப்பகம் அதில் எட்டைக் குறைக்கச் சொன்னது. பெட்டி மறுபடியும் ஆயிரத்து ஐந்நூறு என்றது. கடைசியில் இரண்டும் சலித்துப்போய், பேச்சு முடியாமலே வேலையைத் தொடங்கிவிட்டன. பெரிய பொட்டலங்கள் வழியிலேயே தொலைந்தன.

"எதிர்ப்பக்கம் சொல்ற அளவை நம்ம பெட்டி ஏத்துக்கணும் சார். ஒரு வரிதான் மாத்தணும்," என்றாள்.

மேலாளர் முகம் சுளித்தார். "நம்ம பெட்டி ஏம்மா முதல்ல இறங்கிப் போகணும்? வேணும்னா அவங்க எட்டு ஏத்திக்கட்டும்."

இதற்காக மூன்று கூட்டம் நடந்தது. நாலுக்கு நாலு என்று இரு தரப்பும் சமாதானமாகப் போகலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். பெட்டிக்காரி அதற்குமேல் பொறுக்கவில்லை. வரியைத் திருத்தி எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போய்விட்டாள்.

புது மென்பொருளை ஏற்றியதும் எக்ஸ்ரே படங்கள் வந்தன. அவற்றின் பின்னாலேயே, இத்தனை நாள் வழியில் நின்றிருந்த மின்னஞ்சல் கடிதங்கள் கொட்டின. எல்லாம் வேறு ஊரில் வேலை பார்க்கும் மருத்துவரின் மனைவி எழுதியவை. மனைவி வக்கீல். முக்கியமான எதையும் போனில் பேசமாட்டார். பக்கம் பக்கமாக எழுதித்தான் சொல்வார்.

"எழுதினது பாத்தீங்களான்னு போன்ல கேப்பா. 'சாப்பிட்டீங்களா'ன்னு வந்த சின்ன மெசேஜைத்தான் கேக்கறான்னு நெனச்சேன். பாத்தேன், சரின்னேன்," என்றார் மருத்துவர். அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. "இவ்வளவு நாளா ஒரு சண்டைகூட இல்லம்மா. அவ மாறிட்டான்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டிருந்தேன். பழையபடி ஆக்கிட முடியுமா?"

"முடியாது சார்."

அவர் கடைசிக் கடிதத்தைத் திறந்தார். வேலையை விட்டுவிட்டு வருவதாகவும், தன் தம்பி குடும்பமும் கூடவே வந்து தங்கும் என்றும், மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தெரிவிக்கும்படியும் அதில் இருந்தது.

அன்று சனிக்கிழமை. வாசலில் லாரி ஹாரன் அடித்தது. மனைவி, மச்சான், மச்சான் மனைவி, கூண்டு கூண்டாக முயல்கள், எல்லாரும் இறங்கினார்கள். மருத்துவமனைக்கு மேலேதான் வீடு. படியில் இடமில்லாததால் முயல்கள் தற்காலிகமாக நோயாளிகள் உட்காரும் அறைக்கு வந்தன. பெட்டிக்காரியும் ஒரு கூண்டைச் சுமந்தாள்.

அன்றைக்கு மருத்துவர் யாருக்கும் பல் பார்க்கவில்லை. பல் பார்க்கும் நாற்காலியில் சாய்ந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு, முதல் கடிதத்திலிருந்து படித்தார். 'ஒரே ஒரு நாள் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போங்கள்' என்று ஒரு பக்கத்தின் நடுவில் இருந்தது. அதற்கும் 'சரி' என்று சொல்லிவிட்டு அவர் போயிருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மனைவி உள்ளே வந்தார். "எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"

"நீ கோவப்படுற இடம்."

"எந்தக் கோவம்?"

"மார்ச் மாசத்துக் கோவம்."

"இன்னும் நெறைய இருக்கு," என்று அவர் பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவசரமில்ல. நிதானமா படிங்க."