தாய்மாமன் நாற்காலியில் ஒரு சாம்போ மீன்

மலாவி ஏரிக்கரை மக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர் கிரெஷம் கலுவாவின் காரின் முன்கம்பியில் கட்டியிருந்த சாம்போ மீன், ஆகஸ்டு மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பகல் பதினொரு மணிக்கு, துவாங்குவா கரும்புக்காட்டைத் தாண்டியதும் வாய் திறந்து பேசியது. அன்று சர்க்கரை விலையில் மாற்றமில்லை.

கலுவா கரோங்காவிலிருந்து சலீமாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். சனிக்கிழமை அக்கா மகள் எனிஃபாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் எழுந்து நாலு வார்த்தை பேசிப் பெண்ணை ஒப்படைக்காவிட்டால் அங்கே கல்யாணம் செல்லாது. கலுவா முப்பத்தோரு பக்கம் எழுதியிருந்தார். அவருடைய கல்விச் சேவையே இருபத்தாறு பக்கம். மணப்பெண் இருபத்தேழில்தான் தலைகாட்டினாள். வழியெல்லாம் படித்துக்காட்ட ஆள் வேண்டுமே என்று, பள்ளிக்கால நண்பர்கள் வைசனையும் லைட்டனையும் ஏரியைச் சுற்றிக்காட்டுவதாகச் சொல்லி ஏற்றிக்கொண்டார். இருவரும் பிறந்ததே அந்த ஏரிக்கரையில்தான்.

நகாட்டா பே சந்தையில் கல்யாண வீட்டுக்கு மீன் வாங்கினார். “உசிரோட இருக்குண்ணே. தலையில ஒண்ணு போட்டுத் தரவா?” என்றாள் மீன்காரி. “வேணாம்மா. ஆய்வாளர் வாங்குற மீன் துடிக்கணும்” என்றார். வண்டிக்குள் வைத்தால் கல்யாணத்துக்கு வைத்திருந்த கோட்டில் நாற்றம் ஏறும் என்று எல்லோரையும் போல முன்கம்பியில் கட்டினார். பிசகு அங்கேதான். செத்த மீனுக்குக் காது கேட்காது.

வைசன் ஓட்ட, கலுவா பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தார். ஒவ்வொரு ஒத்திகையிலும் சில சொற்கள் ஜன்னல் வழியே போய்த் திரும்பி வரவில்லை. ஒன்பதாவது ஒத்திகையில் முன்பக்கத்திலிருந்து அவருடைய குரலே கேட்டது: “பொண்ணு எங்கேய்யா? முதல் இருபத்தாறு பக்கத்தைக் கிழிச்சுப் போடும்.”

“யாருடா அது, நம்ம மனசுல இருக்கிறத அப்படியே சொல்றது?” என்று பின்சீட்டிலிருந்து லைட்டன் எட்டிப் பார்த்தார்.

“மீனுடா” என்றார் வைசன், கியரை மாற்றியபடி.

கலுவா வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். சத்தம் வரவில்லை.

“அம்பது வருஷப் பழக்கம். இன்னிக்குத்தான் இவன்கூட நிம்மதியா உக்காந்திருக்கேன்” என்றார் லைட்டன்.

நகோட்டகோட்டா சோதனைச் சாவடியில் எங்கே போகிறீர்கள் என்று போலீஸ்காரர் கேட்டதற்கு மீன்தான் பதில் சொன்னது. அவர் டயரை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டார்.

வெள்ளி முழுக்கக் கலுவா இஞ்சி மென்றார். சனிக்கிழமை கோட்டு போட்டு எழுந்து நின்று வாயைத் திறந்து மூடினார். மாப்பிள்ளை வீட்டார் கிசுகிசுத்தார்கள். ஒரு கிழவர் கிளம்புவதற்காகத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். எனிஃபா தலையைக் குனிந்துகொண்டாள். “பேசித் தொலைடா. என் பொண்ணோட வாழ்க்கை உன் வாயில நிக்குது” என்றாள் அக்கா. கலுவா காகிதத்தைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். பிறகு தாமே போய், வந்த அன்றே மீனை அவிழ்த்து விட்டிருந்த தண்ணீர்ப் பேசினைத் தூக்கிவந்து தம் நாற்காலியில் வைத்தார்.

“எங்க பொண்ணு கோவக்காரி. பொய் சொல்ல மாட்டா. பசியோட வைக்காதீங்க. கூட்டிட்டுப் போங்க” என்றது மீன்.

பெண்கள் குலவையிட்டார்கள். கிழவர் தொப்பியைக் கழற்றினார். அந்தக் குடும்பத்துக் கல்யாணத்தில் சோறு சூடாகப் பரிமாறப்பட்டது அதுவே முதல்முறை.

கலுவாவுக்கு அடுத்த மாதமே குரல் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஆறு பெண்களுக்குக் கல்யாணம் நடந்தது. ஆறிலும் மீன்தான் பேசியது. கலுவா பேசினுக்குத் தண்ணீர் மாற்றினார்.