செல்வி அருவி

அருவி பிறந்த மறுநாளே அதற்கு ஃப்ளெக்ஸ் போர்டு வைத்துவிட்டான் விஜயசங்கர்.

'செல்வி அருவி. குளிக்க அனுமதி உண்டு.'

பெயர் மனைவி இசக்கிசெல்வியுடையது. அருவியோ, அவர்களுடைய படகுக் குளத்தின் மண்கரையில் விழுந்த ஓட்டை.

இலத்தூர் போகிற வழியில் சொந்தத் தோப்பின் பள்ளத்தில் கரை கட்டி, மழைத்தண்ணீரைத் தேக்கி, வாத்துப் படகுகள் விட்டு, சீசன் கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் சின்னப் பூங்கா அது. இசக்கிசெல்வியின் தாலிச்சங்கிலி முதல் வளையல் வரை எல்லாம் அந்தக் கரைக்குள்தான் புதைந்து கிடந்தது.

அந்த வாரம் குற்றாலத்து அருவிகள் அத்தனையிலும் வெள்ளம். குளிக்கத் தடை. தலையில் எண்ணெய் வழிய, வேன் வேனாக ஜனங்கள் திக்குத் தெரியாமல் அலைந்தார்கள். படகில் போக வந்த ஒருத்தர், கரையின் வெளிச்சரிவில் இடுப்பு உயரத்தில் பீறிட்ட தண்ணீரைப் பார்த்தார். சட்டையைக் கழற்றினார். அடியில் உட்கார்ந்து தலையைக் கொடுத்தார். அவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் தண்ணீர் மேலேயிருந்து விழுந்தால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், துண்டைத்தான் கேட்பார்கள்.

இசக்கிசெல்விக்கு மட்டும் அது ஓட்டையாகத்தான் தெரிந்தது. கரைக்கு வரைபடம் போட்டுத் தந்த செங்கோட்டை இன்ஜினீயர் சஃப்ரினுக்குப் போன் போட்டாள்.

"தண்ணி தெளிவா வருதாக்கா, கலங்கலா வருதா?"

"கண்ணாடி மாதிரி வருது."

"நான் இப்பவே கிளம்புதேன். அதுவரைக்கும் கண்ணை எடுக்காதீங்க. கலங்கிச்சுன்னா கரைக்குள்ள இருக்குத மண்ணை அரிச்சிக்கிட்டு வருதுன்னு அர்த்தம். உடனே ஆளை மேல ஏத்திட்டு, தண்ணியைக் குறைங்க. கலிங்கு திறந்துதானே இருக்கு?"

குளத்தில் மிஞ்சுகிற தண்ணீர் தானாக வழிந்து போகக் கட்டிவிட்ட வாசல்தான் கலிங்கு.

"அதை எவன் அடைக்கப் போறான்?" என்றாள் இசக்கிசெல்வி.

போனை வைத்துவிட்டுக் கரையடிக்கு வந்தாள். விருதுநகரிலிருந்து வந்திருந்த கனத்த அண்ணாச்சி ஒருவர், கண்ணை மூடி, சோப்பு நுரைக்குள் சொர்க்கத்தில் இருந்தார்.

"அண்ணாச்சி, உங்க வேட்டி என்ன கலரு?"

"வெள்ளைதான், ஏன் தங்கச்சி?"

வேட்டி செம்மண் நிறத்தில் இருந்தது.

"எல்லாரும் மேல ஏறுங்க! கரை உடையப் போகுது!"

ஒருவரும் அசையவில்லை.

"இப்பத்தான் எண்ணெயே ஊறியிருக்கு" என்றார் அண்ணாச்சி, கண்ணைத் திறக்காமல்.

"அடுத்த கூட்டத்தை விடுததுக்கு இப்படி ஒரு டிராமாவா?" என்று ஓர் அம்மாள் கையை ஆட்டினாள்.

"ஏட்டி, வந்த ஆளை விரட்டுதியே, புத்தி கெட்டுப் போச்சா?" என்று ஓடி வந்தான் விஜயசங்கர்.

கெஞ்ச நேரமில்லை. படகில் போனவர்களைக் கரைக்குக் கூப்பிட வைத்திருந்த மைக்கை எடுத்தாள் இசக்கிசெல்வி.

"ஓர் அறிவிப்பு! ஐந்தருவியில தடையை எடுத்துட்டாங்க. குளிக்க விடுதாங்க!"

இமை மூடித் திறப்பதற்குள் இடம் காலி. துண்டோடு ஓடியவர்கள் பாதி, துண்டு இல்லாமல் ஓடியவர்கள் மீதி. அண்ணாச்சி காதில் நுரையோடு வேனில் தொற்றினார்.

"நிசமாவாட்டி?" என்றான் விஜயசங்கர்.

"பொய். கலிங்குக்கு வாங்க!"

அவன் வரத் தயங்கினான். போய்ப் பார்த்தபோதுதான் தயக்கத்தின் காரணம் தெரிந்தது. கலிங்கு வாய் முழுக்க மணல் மூட்டைகள்.

"இது யாரு வேலை?"

"வாத்து தரை தட்டுச்சு. ஓரடி தண்ணி கூட நின்னா நல்லாருக்குமேன்னு..."

"அந்த ஓரடிதான் கரை மேல்பக்கம் நண்டு தோண்டின வளைக்குள்ள பூந்து ஓட்டை போட்டுருக்கு அத்தான்! பிடிங்க அந்த முனையை!"

திட்டிக்கொண்டே தூக்கினாள். திட்டு வாங்கிக்கொண்டே தூக்கினான். மூட்டைகள் நகர நகர, கலிங்கு வழியே தண்ணீர் இரைச்சலோடு பாய்ந்தது. ஆனால் ஓட்டை அதற்குள் குடம் நுழையும் அளவுக்கு அகன்றுவிட்டது.

ஸ்கூட்டரைச் சாய்த்துப் போட்டுவிட்டு இறங்கினாள் சஃப்ரின்.

"அடைச்சிராதீங்க! அடைச்சா வேற இடத்துல பிச்சுக்கும். தண்ணி வரட்டும், மண்ணு வரக் கூடாது. முதல்ல மணல், அதுமேல ஜல்லி. வேகமா!"

மணல், குழந்தைகள் விளையாடும் தொட்டியில் இருந்தது. ஜல்லி வண்டி நிறுத்துமிடத்தில் குவிந்து கிடந்தது. கைகள்தான் இல்லை. மூன்று பேர் அள்ளிப் போட்டதை ஓட்டை தின்றுகொண்டே இருந்தது.

அப்போது வேன்கள் திரும்பி வந்தன.

"எங்க அந்தப் பொம்பள?" அண்ணாச்சி முன்னால் வந்தார். தலையில் சோப்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. "ஐந்தருவியில போலீஸ் விசிலு ஊதி விரட்டுதான். எங்களைப் பாத்தா எப்படித் தெரியுது..."

வாக்கியம் முடியவில்லை. அவர் முன்பு உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே, கரையின் ஒரு பாளம் பொத்தென்று சரிந்து விழுந்தது.

முன்னால் வந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எங்கன கொட்டணும், சொல்லும்மா."

அதன் பிறகு நடந்தது திருவிழா. தொட்டியிலிருந்து கரைவரை வரிசை நின்றது. வாளி, கூடை, சாப்பாட்டு அண்டா எல்லாம் கை மாறின. டிராமா என்று சொன்ன அம்மாள்தான் எல்லோரையும் விரட்டி வேலை வாங்கினாள். செம்மண் குழம்பு மெல்ல வெளிறியது. சஃப்ரின் ஒரு டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினாள்.

தெளிவு.

இசக்கிசெல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சந்தோஷம் அப்புறம்" என்றாள் சஃப்ரின். "மழைக்கு முன்னால தண்ணி இன்னும் இறங்கணும். மோட்டார் இருக்கா?"

டீசல் மோட்டார் இருந்தது. தொடைப் பருமனில் குழாய். கரையைவிட்டுத் தள்ளி, பாறைமேல் நின்று அதன் வாயை வாய்க்காலுக்குத் திருப்பினான் விஜயசங்கர். தண்ணீர் வளைந்து விழுந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்தார். தலையைத் தடவிப் பார்த்தார்.

"தங்கச்சி, எண்ணெய் இன்னும் அப்படியேதான் இருக்கு."

இசக்கிசெல்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "போங்க அண்ணாச்சி. எவ்வளவு வேணும்னாலும் குளிங்க. இங்கன குளம் வத்தணும், அதான் கணக்கு."

ஒரே ஓட்டம். மறுபடி வரிசை, மறுபடி நுரை. அவர்கள் குளிக்கக் குளிக்கக் குளம் இறங்கியது.

விஜயசங்கர் ஃப்ளெக்ஸ் போர்டைப் பிடுங்கிக்கொண்டு பாறையருகே வந்தான்.

"ஏட்டி, இதுக்கு என்ன பேரு வைக்கலாம்?"

"உங்க பேரை வைங்க. தண்ணியைவிடச் சத்தம்தான் ஜாஸ்தி."

"பேரு கிடக்கட்டும்யா" என்று குரல் கொடுத்தார் அண்ணாச்சி, தண்ணீருக்குள்ளிருந்து. "அந்த சோப்பை எடு முதல்ல!"