கணக்கு மூட்டை

இறந்து கிடந்த கணவரின் முழங்கையில் இருந்த பழைய சூட்டுத் தழும்புகளின் மேல் அவள் ஈரத்துணியை மெதுவாகவே ஓட்டினாள். இனி அவருக்கு எரியாது என்பதைக் கை நம்பவில்லை.

"அந்தக் கையைக் குடுங்கக்கா."

ஓரகத்தி கொழுந்தனின் வலது கையைத் தூக்கிப் பிடித்தாள்.

கதவருகே கணவரின் அண்ணன் வந்து செருமினார். ரொட்டிக் கடை அண்ணன் தம்பி இருவருக்கும் சொந்தம். கல்லாவில் உட்கார்ந்தவர் அண்ணன். அடுப்படியில் நின்றவர் தம்பி.

"பெட்டி, வண்டி எல்லாத்துக்கும் நான் குடுத்துட்டேம்மா. அவன் கணக்குல கழிச்சுக்கறேன்."

"கழிச்சுக்குங்க அத்தான். அம்பது அறுபது மூட்டை ஆகுமா?"

கடை தொடங்கியபோது கையில் காசில்லை. அதனால் தம்பியின் பங்கை மைதா மூட்டையில் கணக்கு வைத்தார்கள். மாதம் ஒரு மூட்டை. வீட்டுக்கு ஒரு மூட்டையும் வராது. எண்ணிக்கை மட்டும் ஏறும். சாப்பாட்டுக்கு வாரக்கூலி தனி. மாவு விலை ஏறினால் ஊரே திட்டும். இவர் மட்டும் சிரித்துக்கொண்டே வருவார். "நம்ம மூட்டையெல்லாம் இன்னிக்குக் கொழுத்துடுச்சுடி!" ஒழுகும் கூரை, சின்னவளின் படிப்பு என்று எல்லாவற்றையும் அவள் அந்த மூட்டைகளை நம்பித்தான் தள்ளிப்போட்டிருந்தாள்.

அண்ணன் தரையைப் பார்த்தார். "மொத்தமும் போயிடும்மா."

"முந்நூறுக்கு மேல இருக்கே!"

"இருக்கு. ஆனா மூட்டைக்கு விலை, கடை தொறந்த அன்னிக்கு இருந்த விலைதான்."

"அது எப்படி? மாவு விலை எங்கேயோ போயிடுச்சே."

"அது வாங்கற மாவு. இது கணக்கு மூட்டைதானே."

அவள் துணியைப் பிழிந்தாள். "அவருக்குத் தெரியுமா?"

"உன் பெரியவளுக்குப் பல்லு மொளைச்ச வருஷம். கடை தள்ளாடுச்சு. மூட்டை பழைய விலையிலேயே நிக்கட்டுமான்னு நான்தான் கேட்டேன். 'நீ சொன்னா சரிண்ணே'ன்னான். வீட்டுல சொல்லிடுடான்னேன்..." நிறுத்தினார். "சொல்லலையா?"

"இதைப் பேச வேற நேரமே கெடைக்கலையா? நீங்கல்லாம் ஒரு மனுஷனா?" என்றாள் அவர் மனைவியான ஓரகத்தி.

அவர் வெளியே போய்விட்டார். ஓரகத்தி தேநீர் கொண்டுவந்து அவள் கையில் திணித்தாள். "குடி. ஆண்டவன் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கான்."

குடித்தாள். சர்க்கரை இருந்ததா என்று தெரியவில்லை. போன மாதம்கூட மாவு விலை ஏறியது. போன மாதம்கூட அவர் சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

வெள்ளைச் சட்டையை மாட்டினார்கள். அடுப்புச் சூட்டில் நின்றவர் கழுத்துப் பொத்தானை ஒருநாளும் போட்டதில்லை. கல்யாணப் படத்திலும் அது திறந்தே இருக்கும். அவள் அதைப் போட்டாள். பிறகு முகத்தைப் பார்க்காமல் வாசலுக்குப் போய் நின்றாள்.

பெட்டியை மூட ஆட்கள் வந்தார்கள்.

"கொஞ்சம் இருங்க."

உள்ளே வந்து குனிந்தாள். பொத்தானைக் கழற்றி, காலரைச் சற்று விலக்கிவிட்டாள்.

"ம், மூடுங்க" என்று நகர்ந்து வழிவிட்டாள்.