சும்மாவுக்குப் பழகாதவர்

மருந்துக்கடை வைத்திருக்கும் எங்கள் சபை மூப்பருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு இரண்டு தலைப்புகள் கிடைத்துவிட்டன: காக்கும் கிருபை, கரைசேர்க்கும் கிருபை. மூன்றாவதும் ‘க’வில் தொடங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் பரலோகம் ஏற்காது என்பது எங்கள் எழுதப்படாத சட்டம். அதைத் தேடிக்கொண்டேதான் தன் தங்கையின் இதய மாத்திரையைக் கவரில் போட்டு, அவள் அனுப்பிய பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பினார்.

மாலை நாலே முக்காலுக்கு ‘கண்டெடுத்த கிருபை’ பளிச்சென்று உதித்தது. குறித்துக்கொள்ளப் பேனா தேடி இழுப்பறையைத் திறந்தவர் அப்படியே நின்றார். தங்கைக்குப் போயிருக்க வேண்டிய அட்டை அங்கேயே கிடந்தது. போனது நாலு மடங்கு வீரியமானது. அவள் மாத்திரை போடுவது ஐந்து மணிக்கு.

போனில் சொல்ல எண் இல்லை. அவள் கணவனான வெல்டரை, குடித்ததற்காகச் சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்திலிருந்து விலக்கத் தீர்மானம் எழுதியவர் இவர்தான். கையோடு வீட்டு எண்ணையும் அழித்துவிட்டார். அவன் குடியை விட்டு இரண்டு வருடம். மறுபடி சேர்க்கச் சொல்லிக் கேட்டால் “இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்” என்பதே மூப்பரின் பதில்.

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினார். தெருமுனையில் ஒரு செருப்பு கழன்றது. எடுக்கவில்லை.

“என்ன மூப்பரே, ஏசுவோட ரெண்டாம் வருகையா? எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!” என்றார் சலூன்காரர்.

ஐந்து மணி மூன்று நிமிடத்துக்கு வெல்டர் கதவைத் திறந்தான்.

“மாப்பிள்ளை, மாத்திரை போட்டுட்டாளா?”

வெல்டர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினான். ஒன்றுகூடக் குறையவில்லை.

“கலர் வேறயா இருந்துச்சு மச்சான். டாக்டர்கிட்ட கேட்டேன். கொடுக்காதேன்னுட்டார்.”

மூப்பர் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார். போன உயிர் திரும்பியது. கூடவே பதவியும் திரும்பியது.

“எந்தக் கடைன்னு சொன்னியா?”

“கேட்டார். கடைக்காரரே நாளைக்கு வந்து சொல்வார்னு சொல்லியிருக்கேன்.”

மூப்பர் தொண்டையைச் செருமினார். “இந்த ஞாயிறே உன்னைத் திருவிருந்துல சேர்த்துக்கச் சொல்றேன்.”

“இதுக்கு அது விலையா?”

“பின்ன, என்னைச் சும்மாவா விடப்போற?”

“சும்மாதான்.”

“சும்மான்னா?”

“சும்மான்னா சும்மா மச்சான். வேற எப்படிச் சொல்றது?”

திட்டியிருந்தால் மூப்பரிடம் பதில் இருந்தது. அடித்திருந்தால் சபையில் சாட்சி சொல்ல ஒரு கதையாவது ஆகியிருக்கும். பன்னிரண்டு வருடமாகப் பட்டும் ஜரிகையும் போர்த்திப் பிரசங்கித்த அந்தக் கிருபை இப்படி அழுக்குச் சட்டையோடு வந்து நின்றபோது, வாங்கிக்கொள்ள அவருக்குக் கை நீளவில்லை.

உள்ளேயிருந்து தங்கை குரல் கொடுத்தாள். “அண்ணா, வாசல்லயே நின்னா நாங்க துரத்திட்டோம்னு தெரு பேசும். உள்ள வாங்க.”

இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வாசற்படியைத் தாண்டினார்.

“நான்தாம்மா தப்பா கொடுத்துட்டேன்.”

“தெரியும்ணா. உட்காருங்க.”

உட்கார்ந்தார். ஜெபிக்க வாயெடுத்தார்.

“கொஞ்சம் தண்ணி கொடும்மா” என்றார்.