வெள்ளை அட்டையில் கடுகு

என் கணவரின் அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது எனக்குக் கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரே மருத்துவமனையில் வேலை, ஒரே வீட்டில் சாப்பாடு. நான் தையல் அறையில் தலையணை உறை தைக்கிறவள். அவள், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவள், சமையலறையிலிருந்து வார்டுக்குச் சாப்பாட்டுத் தட்டு கொண்டு போகிறவள். ஒன்பது வருஷம் என் கண்ணிலேயே மண்ணைத் தூவியிருக்கிறாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அட்டை எல்லாம் வெள்ளையாப் போகுதாம்" என்றாள்.

"எந்த அட்டை?"

நோயாளியின் தட்டில் ஓர் அட்டை செருகியிருப்பார்கள். அதில் பெருக்கல் குறி போட்டு, அவருக்கு எது ஆகாதோ அதை எழுதியிருப்பார்கள். உப்பு ஆகாது என்றால் பச்சை அட்டை, இனிப்புக்கு மஞ்சள், பருப்புக்கு நீலம் என்று ஒன்பது நிறம். அண்ணி பன்னிரண்டு வருஷமாக நிறத்தைப் பார்த்தே ஓட்டியிருக்கிறாள். இனி கம்ப்யூட்டரில் அச்சடிப்பார்களாம், எல்லாம் வெள்ளைத் தாள். மாசக் கடைசியில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார்களாம். படிக்காதவர்கள் பாத்திரம் கழுவும் பக்கம்.

அண்ணி கையை விரித்துக் காட்டினாள். பழைய வெடிப்புகளின் தழும்பு. தட்டு தூக்க வருவதற்கு முன் மூன்று வருஷம் அவள் பாத்திரம் கழுவும் பக்கம்தான் இருந்தாள். அந்தச் சோப்புத் தண்ணீர் பட்டால் அவளுக்குத் தோல் வெடித்து ரத்தம் வரும். "திரும்ப அங்க போனா என்னால முடியாதும்மா" என்றாள். கெஞ்சவில்லை, சொன்னாள். என் கணவரைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரை போனவள் அவள். உள்ளே போனது அவர் மட்டும்.

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணி."

"நீ கேக்கலையே."

தையல் அறைக்குச் சட்டைக் காலருக்குள் வைக்க வரும் அட்டையை வெட்டி, அன்று ராத்திரிக்குள் ஒன்பது அட்டை செய்து விட்டேன். பால், மீன், முட்டை மூன்றையும் ஒதுக்கி வைத்தேன். அதிலெல்லாம் நீட்டிச் சொல்லும் எழுத்து வருகிறது. முதலில் குறில் மட்டும் வரும் ஆறு: உப்பு, இனிப்பு, புளிப்பு, மிளகு, பருப்பு, பழம்.

ஒரே வாரத்தில் ஆறையும் சொன்னாள். அட்டையைத் தூக்கிக் காட்டுவதற்குள் பட் பட்டென்று பதில். எனக்குத் தலைகால் புரியவில்லை. தையல் அறையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். "எங்க அண்ணிக்கு மூளை கற்பூரம் மாதிரி" என்றேன். சொன்ன வாயைக் கழுவியிருக்கலாம்.

பத்தாவது நாள் என் கை பட்டு டம்ளர் சாய்ந்தது. தேநீர் முழுவதும் அட்டை மேல். அதனால் என்ன, அதே அளவில் புதிதாக ஆறு அட்டை வெட்டி எழுதி நீட்டினேன். அண்ணி முதல் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தைத் தடவினாள். அவள் முகம் சுருங்கியது.

"உப்பு" என்றாள்.

அது பழம்.

"பருப்பு?"

"அண்ணி, எழுத்தைப் பாத்துச் சொல்லுங்க."

"இதுல மடங்கின மூலை எங்க?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூலை மடங்கியது உப்பு. நூல் ஒட்டியிருந்தது பருப்பு. எண்ணெய்க் கறை பட்டது மிளகு. ஓர் எழுத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. பத்து நாள் என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

"என்னை என்ன கேனச்சின்னு நெனச்சீங்களா?" என்று கத்தி விட்டேன். அட்டைகளை மேசை மேல் போட்டு விட்டு எழுந்து போனேன். மறுநாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள்தான் சாயங்காலம் வந்தாள்.

"வேணும்னு பண்ணலம்மா. என் கண்ணு எழுத்தை விட்டுட்டு அடையாளத்தைத்தான் பாக்குது. பழகிப்போச்சு" என்றாள். "ஒரு தடவை பச்சை அட்டை தீந்துபோச்சு. மஞ்சள்ல எழுதி வச்சுட்டாங்க. உப்பு ஆகாத ஆளுக்கு உப்புச் சாப்பாட்டைக் குடுத்துட்டேன். வாயில வைக்கறதுக்கு முன்னாடி அவர் சம்சாரம் அட்டையைப் படிச்சுப் பாத்துத் தட்டைப் பிடுங்கிட்டாங்க. அன்னையிலேருந்து தட்டை வச்சா, பக்கத்துல இருக்கறவங்க அட்டையைப் படிக்கற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

பன்னிரண்டு வருஷத்தில் யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னாள். என் கோபம் அப்படியே இறங்கிப் போயிற்று. வெட்கமாகக்கூட இருந்தது.

மறுபடி முதலிலிருந்து. இம்முறை ஒவ்வொரு நாளும் அட்டையைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினேன். எழுத்து ஒவ்வொன்றாகத் தெரிந்துவிட்டது. சேர்க்கத்தான் வரவில்லை. "ப" என்பாள், நிறுத்துவாள். "ரு" என்பாள், நிறுத்துவாள். கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்திருக்கும். உடனே கடைசியில் இருக்கும் "ப்பு"வைப் பார்த்து "உப்பு" என்று அடித்து விடுவாள். இனிப்பும் உப்பு, புளிப்பும் உப்பு, பருப்பும் உப்பு.

"உங்க கையில நோயாளிங்க பொழச்ச மாதிரிதான்" என்றேன்.

"கிண்டல் பண்ணாம வழி சொல்லு."

"வாயில இருக்கிறதை முழுங்காதீங்க. அதை வச்சுக்கிட்டே அடுத்ததைச் சேருங்க. ப. பரு. பருப். பருப்பு."

"ப" என்றாள். "பரு." நிறுத்தினாள். திரும்பப் போய், "ப, பரு, பருப்... பருப்பு." என்னைப் பார்த்தாள். நான் அட்டையைக் காட்டினேன். அட்டையை மறுபடி பார்த்துத் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டாள். அந்த ஒரு சொல்லுக்குள் நான் சோறு வடித்து விட்டே வந்திருக்கலாம், அவ்வளவு நேரம். ஆனால் அவளே படித்தது. கடைசி வாரத்தில் நெடிலையும் அதே வழியில் பிடித்து விட்டாள்.

தேர்வன்று எனக்கு அரை நாள் வேலை. சமையலறை மேலாளரின் அறைக்கு வெளியே நின்றேன். அவருக்குத் தராசு என்று பட்டப்பெயர், எதையும் நிறுத்துப் பார்க்காமல் வாங்க மாட்டார். அண்ணிக்கு முன்னால் போன இரண்டு பெண்களும் ஒரு நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்த்ததும் என் நெஞ்சு லேசானது. வெள்ளைத் தாள் இன்னும் வந்து சேரவில்லை. பழைய நிற அட்டைகளைத்தான் மேசையில் அடுக்கி வைத்திருந்தார்.

தப்பித்தோம் என்று நினைத்தேன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டே சொல்லி விடுவாள்.

தராசு பச்சையை நீட்டினார். அண்ணி வாங்கவில்லை.

"இது எனக்குத் தெரியும் சார்."

"தெரிஞ்சா சொல்லிட்டுப் போ."

"நிறத்தைப் பாத்துச் சொல்லிடுவேன். வெள்ளையில எழுதிக் குடுங்க."

பாவி என்று எனக்கு வாய் வரை வந்தது. தராசு அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒரு பழைய ரசீதைத் திருப்பிப் போட்டு எழுதினார். அவள் சொன்ன எழுத்துகளிலிருந்துதான் அது எங்கள் ஒன்பதில் இல்லாத சொல் என்று எனக்குத் தெரிந்தது.

"க" என்றாள். தாளைக் கண்ணருகே கொண்டு போனாள், தள்ளிப் பிடித்தாள். "கட." நிறுத்தினாள். "இல்ல, கடு." வெளியே தள்ளுவண்டி ஒன்று போயிற்று. நான் சேலை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றேன். "க, கடு, கடுகு. கடுகு ஆகாது சார்."

"சரிதான். ஆனா இவ்வளவு நேரமா? அம்பது தட்டு இருக்கு. எல்லாம் ஆறிப்போயிடும்."

"ஆறினா சூடு பண்ணிக்கலாம் சார். மாறிப்போனா என்ன பண்றது?"

தராசு பேனாவை மூடினார். திறந்தார். "தினமும் அரை மணி முன்னாடி வந்துடு. தட்டை வரிசைப்படுத்திட்டு வார்டுக்குப் போ" என்றார். நிற அட்டைகளை வாரி இழுப்பறைக்குள் போட்டார். பிறகு கதவுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்து, "முன்னாடி வந்துட்டுப் போன ரெண்டு பேரையும் திரும்பக் கூப்பிடு" என்றார்.

இரண்டு பேராலும் வெள்ளையில் ஒரு சொல் படிக்க முடியவில்லை. ஒரு வாரம் தவணை கொடுத்தார். வெளியே வந்ததும் அதில் மூத்தவள் அண்ணியின் முன்னால் வந்து நின்றாள். "எங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே. உன்னை யார் வெள்ளையில கேக்கச் சொன்னா?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. பன்னிரண்டு வருஷமாக ஒரே சமையலறையில் நின்றவர்கள், ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் மூவரும் இதையே செய்திருக்கிறார்கள்.

"சாயங்காலம் ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க" என்றாள் அண்ணி. "ஒரு வாரத்துல வந்துடும். நான் சொல்லித் தரேன்."

ஒரு வாரமாம். இவளுக்கு உப்பும் பருப்பும் வேறு வேறு என்று புரிய வைக்கவே எனக்குப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. இதில் இவள் சொல்லித் தரப் போகிறாள். வாயைத் திறந்தேன். அதற்குள் என் பக்கம் திரும்பினாள்.

"காலர் அட்டை இன்னும் இருக்குல்ல?"

"இருக்கு."

"நெறைய வெட்டு. தினமும் கிழிச்சுப் போடணும்" என்றாள்.